சுவரைவிடச் சாந்து மென்மையாக இருக்கட்டும்

பழைய கட்டடங்களைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டு சீரமைப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட செங்கல் கட்டடம். செங்கற்களுக்கு இடையிலிருந்த பழைய காரை உதிர்ந்ததால், ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடைவெளிகளைச் சிமென்ட் வைத்து அடைத்தோம். இப்போது சிமென்ட் அப்படியே இருக்கிறது, செங்கற்கள்தான் பொரிந்து உதிர்கின்றன. செங்கல் தரமற்றதா?

பதில்: செங்கல்லைக் குறை சொல்லாதீர்கள். நூறு ஆண்டுகள் நின்ற கல் ஏழே ஆண்டுகளில் தானாகத் தரம் கெடுவதில்லை. பழைய சுவருக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருந்துகொண்டுதான் இருக்கும். மழையும் நிலத்தின் ஓதமும் அதைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் மிகுதி என்பதால், அந்த ஈரம் காரை வழியாகவே வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். ஈரத்தோடு வரும் உப்பும் காரையிலேயே படியும். காலப்போக்கில் காரை அரிக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் காரையைத் தேயக்கூடிய பொருளாகவும் செங்கல்லை நிலைக்கக்கூடிய பொருளாகவும் வைத்தே கட்டினார்கள். இடைவெளிகளைச் சிமென்ட் அடைத்துக்கொண்டதும் ஈரத்துக்குச் செங்கல்லைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது. உப்பு செங்கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகிப் பருத்து, அந்த முகத்தையே தட்டி வீழ்த்துகிறது. போதாக்குறைக்குச் சிமென்ட்டும் தன் பங்குக்கு உப்பைச் சுவரில் சேர்க்கிறது.

சுவரின் அருகே நின்று பாருங்கள். செங்கல்லின் முகம் உள்வாங்கியிருக்கும், அதைச் சுற்றிச் சிமென்ட் வரம்பு மட்டும் தேனடையின் அறைச்சுவரைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் செந்தூளும் அதனூடே பஞ்சு போன்ற வெள்ளை உப்பும் ஒட்டிக்கொண்டு வரும். இந்தக் காட்சியைக் கண்ட பிறகும் மேலே இன்னொரு சிமென்ட் பூச்சைப் பூசி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஓதம் மறையாது, பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் உயரமாக ஏறும்.

செய்ய வேண்டியது பொறுமையான வேலை. எங்கெல்லாம் சிமென்ட் தளர்ந்து விரிசல் விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் மெல்லிய உளியும் சிறு சுத்தியலும் கொண்டு அதை எடுங்கள். சுழலும் அறுப்பு இயந்திரம் வேண்டாம், ஒரு நொடி கை நழுவினால் செங்கல்லின் விளிம்பு போய்விடும். செங்கல்லோடு இறுகப் பிடித்திருக்கும் சிமென்ட்டை வலிந்து பெயர்த்தால் செங்கல்லும் சேர்ந்து உடையும், ஆகையால் அதைத் தானாகத் தளரும்வரை விட்டுவைப்பதே நல்லது. இடைவெளியின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழமாவது சுத்தம் செய்து, தூசியைத் தூரிகையால் நீக்கி, நீர் தெளித்துச் செங்கல் ஈரத்தை உறிஞ்சி முடித்த பிறகு, கெட்டியாகப் பிசைந்த சுண்ணாம்புச் சாந்தை உள்ளே அழுத்தித் திணிக்க வேண்டும். சாந்து செங்கல்லின் முகத்தின்மேல் வழியாமல், விளிம்பிலிருந்து இழையளவு உள்ளடங்கி நிற்கட்டும்.

கேள்வி: சுண்ணாம்புச் சாந்து மாதக்கணக்கில் இறுகாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், அதற்குக் காரணமும் எளிது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. தூய கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், மீதி 44 கிலோவும் காற்றோடு போய்விடும். அதை நீரில் நீற்றிச் சாந்தாக்கிச் சுவரில் வைத்த பிறகு, இழந்த அந்த வாயுவைக் காற்றிலிருந்து சிறுகச் சிறுகத் திரும்பப் பெற்றுத்தான் அது மீண்டும் கல்லாகிறது. இந்த வேலை மேற்பரப்பில் தொடங்கி உள்நோக்கி மெதுவாக நகரும். எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், சாந்தின் ஒரு துண்டை உடைத்து, உடைந்த முகத்தில், காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இன்னும் கல்லாகாத உட்பகுதி அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும், கல்லாகிவிட்ட ஓரம் நிறம் மாறாமல் இருக்கும்.

ஆனால் காய்வது வேறு, இறுகுவது வேறு. கார்பன் டை ஆக்சைடு சாந்தோடு சேர்வதற்குச் சாந்தில் கொஞ்சம் ஈரம் இருந்தாக வேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில், மேற்கு நோக்கிய ஒரு சுவரின் பூச்சை வெயிலில் மறைப்பின்றி விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் உள்ளங்கையால் தடவியபோது பூச்சு மாவாகக் கையோடு வந்தது. முழுவதையும் செதுக்கி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஈரச் சாக்கைச் சுவருக்குமுன் தொங்கவிடாமல் எந்தப் பூச்சு வேலையையும் நான் தொடங்குவதில்லை. ஒரு வாரமாவது வெயிலும் காற்றும் நேராகப் படாமல் மறைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை புகைபோல் மெல்லிய நீர்த்தூவல் கொடுங்கள். ஒரே மூச்சில் கனமாகப் பூச வேண்டாம். ஒரு படை 10 மில்லிமீட்டர் அளவில் இருந்து, அது நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் கெட்டியான பிறகே அடுத்த படை வர வேண்டும். உறைபனி விழும் இடங்களில் குளிர்காலத்தில் சுண்ணாம்பு வேலையே கூடாது.

கேள்வி: கடையில் பையில் விற்கும் சுண்ணாம்புத்தூள் போதுமா, சுட்ட சுண்ணாம்பை வாங்கி நாமே நீற்ற வேண்டுமா?

பதில்: நாமே நீற்றிக் களியாக வைத்துப் பழக்கிய சுண்ணாம்புக்கு இணை இல்லை என்பது என் துணிபு. நீற்றி நாளான சுண்ணாம்பில் துகள்கள் மேலும் நுண்மையாகி, கரணையின்கீழ் வெண்ணெய்போல் வழுக்கும். மூன்றாண்டு ஆகாத சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர்கள் பயன்படுத்தக் கூடாது என்று பண்டைய ரோமானியச் சட்டம் இருந்ததாக அந்நாட்டு எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். நமக்கு மூன்று மாதமாவது இருக்கட்டும்.

நீற்றும்போது நீரின்மேல் சுண்ணாம்பைத்தான் போட வேண்டும், குவித்து வைத்த சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றக் கூடாது. கட்டிகள் முதலில் அசையாமல் கிடக்கும். பிறகு ஓரத்தில் வெடிப்பு விட்டு, சீறி, சில நிமிடங்களில் தொட்டி முழுவதும் கொதிக்கத் தொடங்கும். தெறிக்கும் துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஒருவரையும் தொட்டியருகே விடாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் தூய நீரில் இருபது நிமிடமாவது கண்ணைக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். கொதிப்பு அடங்கியதும் கிளறி, சல்லடையில் வடிகட்டி, மேலே எப்போதும் நாலு விரல் நீர் நிற்கும்படி மூடி வைக்க வேண்டும். காற்றுப் பட்டால் களி தொட்டியிலேயே கல்லாகத் தொடங்கிவிடும்.

பையில் வரும் தூளையும் ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் அது புதிதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு சிட்டிகையை வினிகரில் போட்டால் நுரைத்துப் பொங்குகிறது என்றால், பைக்குள்ளேயே அது பாதி கல்லாகிவிட்டது என்று பொருள். நுரைக்காத தூளை ஒரு நாள் நீரில் ஊறவைத்துக் களியாக்கிப் பயன்படுத்தலாம்.

கேள்வி: சீக்கிரம் இறுகுவதற்காகச் சாந்தில் ஒரு கை சிமென்ட் சேர்த்தால் என்ன?

பதில்: சேர்க்க வேண்டாம். சிமென்ட் குறைவாக இருந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்காத, உப்புக்கும் பனிக்கும் தாங்காத சாந்து உருவாகும், மிகுதியாக இருந்தால் முதல் கேள்வியில் சொன்ன கேடுகள் எல்லாம் திரும்பி வரும். விரைந்து இறுக வேண்டுமென்றால், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்யும், நீரிலேயே இறுகக்கூடிய சுண்ணாம்பு கிடைக்கிறது. களிமண்தான் அந்தத் தன்மைக்குக் காரணம் என்பதை, இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டி 1759இல் முடித்த பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் அந்த வேலைக்காகச் செய்த சோதனைகளில் கண்டறிந்தார். இவ்வகைச் சுண்ணாம்பின் பையில் 2, 3.5, 5 என்று எண்கள் இருக்கும். 28 நாளில் அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தை அவை மெகாபாஸ்கல் அளவில் குறிக்கின்றன. பெரிய எண் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். மென்மையான செங்கல்லுக்குச் சிறிய எண்ணே ஏற்றது.

கேள்வி: கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்த்தார்கள் என்கிறார்களே, அதில் அறிவியல் உண்டா?

பதில்: உண்டு. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்பதால், சாந்து குழைவாகிறது. சீனாவின் பழைய சுவர்களில் ஒட்டரிசிக் கஞ்சி சேர்த்த சாந்து இருக்கிறது. அதிலுள்ள அமைலோபெக்டின் என்னும் மாவுப்பொருள் சுண்ணாம்புப் படிகங்கள் பெரிதாக வளராமல் தடுத்து, அவை நெருக்கமாக அமையச் செய்கிறது. பாலின் கேசீன் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் கரையாத பசையாகிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது செங்கல்தூள். பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸே ஆற்றுமணல் சாந்தில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டுத்தூள் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லின் தூள் மட்டுமே சுண்ணாம்போடு வினைபுரியும். மிகையாக வெந்து கருகிய கல்லை இடித்துப் போட்டால் அது வெறும் மணலுக்குச் சமம். எதைச் சேர்ப்பதானாலும் முதலில் ஒரு கெஜம் அளவு மாதிரிப் பூச்சு பூசி, சில வாரம் பார்த்த பிறகு முழுச் சுவருக்குப் போங்கள். அளவு கூடிய வெல்லம் சாந்தை இறுகவே விடாது.

கேள்வி: எங்கள் சுவரின் பழைய காரையில் என்ன விகிதம் இருந்தது என்று எப்படி அறிவது?

பதில்: மழையடி படாத ஓர் இடத்திலிருந்து, உள்ளே ஆழமாக உள்ள காரையில் ஒரு கைப்பிடி எடுத்து, உலர்த்தி நிறுத்துக்கொள்ளுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து மணல் மட்டும் மிஞ்சும். இதை ஆய்வுக்கூடத்தில் செய்விப்பதே பாதுகாப்பு. மணலைக் கழுவி நிறுத்தால் விகிதம் புலப்படும், சல்லடையில் சலித்தால் மணியின் அளவும் நிறமும் தெரியும். மணலில் சிப்பித்துண்டு இருந்தால் அதுவும் கரைந்து கணக்கைப் பிழையாக்கும் என்பதால், அமிலத்தில் இடுமுன் உருப்பெருக்கியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். விகிதம் எதுவும் தெரியாதபோது ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு, மணிகள் முனை மழுங்காத கூர்மையான மணல் என்பது நல்ல தொடக்கம். உலர்ந்த மணலின் இடைவெளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதை நிரப்பும் அளவே சுண்ணாம்பு.

கேள்வி: அப்படியானால் பழைய கட்டடத்தில் புதிய பொருள் எதுவுமே கூடாதா?

பதில்: அப்படி நான் சொல்லவில்லை. பழைய முறை போதாத இடத்தில், பயன் நிரூபிக்கப்பட்ட நவீன முறையைக் கையாளலாம் என்று நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான 1964ஆம் ஆண்டின் பன்னாட்டு வெனிஸ் சாசனமே இடம் தருகிறது. ஏதென்ஸின் குன்றின்மேல் உள்ள பண்டைய கோயில் வளாகமான அக்ரோபோலிஸில், பண்டைய சிற்பிகள் கற்களை இணைக்கும் இரும்புப் பிடிகளை ஈயத்தில் பொதிந்து வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்தவர்கள் ஈயமின்றி வைத்த இரும்பு துருவேறிப் பருத்துச் சலவைக்கல்லைப் பிளந்தது. இன்று அந்த இரும்புப் பிடிகளை அகற்றி, துருப்பிடிக்காத டைட்டானியம் வைக்கிறார்கள். அங்கே கேடு விளைவித்தது பழைய பொருள்தான், அதைப் பழைய அறிவு இல்லாமல் பயன்படுத்தினார்கள்.

கேள்வி: சுண்ணாம்புப் பூச்சின்மேல் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: பிளாஸ்டிக் படலமாகப் படியும் பெயின்ட் கூடாது, ஈரத்தின் வழியை அது அடைத்துவிடும். வெள்ளையடிப்பதே பொருத்தம். சுவரை நனைத்துக்கொண்டு, பாலளவு நீர்த்த சுண்ணாம்பை ஐந்து முறையாவது மெல்லியதாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு அடியுங்கள். அடித்தவுடன் சுவரில் எதுவும் தெரியாது, கண்ணாடி போலத்தான் இருக்கும். போதவில்லை என்று நினைத்துக் குழம்பைக் கெட்டியாக்கும் தவற்றைப் பலரும் அங்கேதான் செய்கிறார்கள், கெட்டியாக அடித்தது பொறுக்கு விட்டு உரியும். மறுநாள் காலை வந்து பாருங்கள், வெண்மை தானாக எழுந்திருக்கும்.