விசுவாசத்தைக் கேலி செய்யும்போது: வேதபாட ஆசிரியரின் பதில்கள்

கல்லூரி மாணவி, திருச்சி: விடுதி உணவகத்தில் சாப்பாட்டுக்கு முன் கண்மூடி ஜெபித்தால் தோழிகள் “அல்லேலூயா ஆரம்பிச்சாச்சு” என்று சிரிக்கிறார்கள். இனி மனதுக்குள் மட்டும் ஜெபித்தால் அது மறுதலிப்பாகுமா, ஐயா?

பதில்: ஆகாது, சகோதரி. கண்ணை மூடித்தான் ஜெபிக்க வேண்டும் என்று வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. ஆனால் தானியேலைப் பாருங்கள். ராஜாவின் தடையுத்தரவு வந்த பிறகும், எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்த பலகணிகளின் அருகே, முன் செய்துவந்தபடியே மூன்று வேளையும் ஜெபம்பண்ணினார் (தானியேல் 6:10). தடைக்காக எதையும் குறைக்கவுமில்லை, புதிதாக எதையும் கூட்டவுமில்லை. நீங்களும் வீட்டில் எப்படி ஜெபிப்பீர்களோ அப்படியே அங்கும் ஜெபியுங்கள். பயத்தால் சுருக்க வேண்டாம். பிறர் பார்க்கட்டும் என்று நீட்டவும் வேண்டாம், ஏனெனில் மனுஷர் காணும்படி ஜெபிப்பதை ஆண்டவரே கண்டித்திருக்கிறார். முடிந்ததும் சிரித்தவர் பக்கம் சாம்பார் வாளியை நகர்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள்.

மென்பொருள் பணியாளர், சென்னை: அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், “தன்னையே காப்பாத்திக்க முடியாத சாமி உங்களை எப்படிக் காப்பாத்தும்?” என்று சிலுவைப் படத்தோடு ஒரு மீம் வந்தது. எனக்கு வாயடைத்துப் போயிற்று. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வி முதன்முதலில் சிலுவையின் அடியிலேயே கேட்கப்பட்டது. மற்றவர்களை ரட்சித்தான், தன்னைத் தானே ரட்சித்துக்கொள்ளட்டும் என்று அதிகாரிகள் பரிகசித்ததை லூக்கா 23:35இல் வாசிக்கிறோம். மீமும் புதிதல்ல. ரோம் நகரின் பலத்தீன் குன்றில் 1857இல் அகழ்ந்தெடுத்த ஒரு கட்டடத்தின் சுவர்ப்பூச்சில், யாரோ ஆணி போன்ற ஒன்றால் கீறிய சித்திரம் கிடைத்தது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம் தொங்குகிறது; கீழே ஓர் ஆள் கையை உயர்த்தி நிற்கிறான்; பக்கத்தில், ‘அலெக்சாமெனோஸ் தெய்வத்தை வணங்குகிறான்’ என்று கிரேக்கத்தில் எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 200ஐ ஒட்டியது என்பது பொதுவான கணிப்பு. அதே கட்டடத்தின் வேறோர் அறையில், வேறொரு கையெழுத்தில், லத்தீனில் இரண்டே சொற்கள் கிடைத்தன: ‘அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன்’.

உங்கள் நண்பரின் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அவர் தம்மை விடுவித்துக்கொண்டு சிலுவையிலிருந்து இறங்கியிருந்தால் நமக்கு மீட்பு இல்லை. இறங்காமல் இருக்க அவர் மனமார இசைந்தார் என்பதுதான் நாம் நம்புவது. இதைக் குழுவில் ஒருமுறை, கோபமில்லாமல், இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்த மீம் வந்தால் பதில் வேண்டாம். யாராவது தனியாக வந்து உண்மையிலேயே கேட்டால், அவருக்காக ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்குங்கள். ‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்’ சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லும்படிதான் பேதுரு எழுதினார் (1 பேதுரு 3:15).

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி: “கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறிய கூட்டம்” என்று என் பேரனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: ஐயா, இந்த ஏளனம் நம் பாட்டன் பாட்டியரை அவமதிப்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது. பேரனிடம் வரலாற்றை மறைக்காமல் சொல்லுங்கள். 1876–78 பஞ்சத்தின்போது உங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தது உண்மை. பசியால் துவண்டவர்கள் கஞ்சி ஊற்றியவரின் தெய்வம் யார் என்று கேட்டதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் விடப்படாதவர்கள், தங்களை மனிதராக நடத்திய இடத்தைத் தேடி வந்ததை நான் பெருமையாகவே சொல்வேன்.

எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருக்குக் கிடைத்தது சிறை. எருக்கம்பூ மாலையிட்டு, எருமைமேல் ஏற்றி, ஊர்தோறும் ஏளனத்துக்கு உட்படுத்தினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. விடுமுறையில் பேரனை அந்த மலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வாலிபர், கோயம்புத்தூர்: விசாவும் காரும் வாங்கித் தருவதாக ஜெபிக்கும் ஊழியக்காரர்களை வைத்து வரும் கேலிகளுக்கு எப்படிப் பதில் சொல்வது?

பதில்: பதில் சொல்லாதீர்கள், தம்பி, அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது. கிறிஸ்துவின் நிமித்தம் வரும் நிந்தையும் நம் தவறுகளின் நிமித்தம் வரும் நிந்தையும் ஒன்றல்ல என்று 1 பேதுரு 4:15, 16 வசனங்கள் பிரித்துக் காட்டுகின்றன.

இல்லத்தரசி, மதுரை: பதிலுக்கு அவர்களுடைய தெய்வங்களைப் பற்றிப் பேசலாமா?

பதில்: கூடவே கூடாது, அம்மா. எபேசுவில் கலகம் மூண்டபோது, இவர்கள் நம் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று பவுலின் தோழர்களுக்காகச் சாட்சி சொன்னவர் அவ்வூர்ச் சம்பிரதியே, அதாவது நகர அலுவலரே (அப்போஸ்தலர் 19:37). நம்மைப் பற்றியும் அயலார் அப்படிச் சொல்ல வேண்டும்.

தாய், நாகர்கோவில்: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், “இன்னுமா இதையெல்லாம் நம்புறீங்க?” என்று ஞாயிறுதோறும் சிரிக்கிறான்.

பதில்: இயேசுவின் சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை (யோவான் 7:5); அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று இனத்தாரே பிடித்துக்கொண்டு போக வந்தார்கள். அதே சகோதரர் பின்னர் மரியாளோடு மேல்வீட்டறையில் ஜெபத்தில் தரித்திருந்ததை அப்போஸ்தலர் 1:14 சொல்கிறது. மகனோடு விவாதம் செய்ய வேண்டாம். அவன் வந்தால் பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள். ஆராதனைக்கு வழக்கமான நேரத்தில் கிளம்புங்கள்.

ஆராய்ச்சி மாணவர், புதுச்சேரி: கேலியைக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இது பாவமா?

பதில்: பாவம் அல்ல. சிரிப்புக்குள் ஒரு கேள்வி இருந்தால், சிரிப்பை ஒதுக்கிவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற அறிஞர், கம்பளி நெய்வோரும் செருப்புத் தைப்போரும் போதிக்கும் மதம் என்று கிறிஸ்தவத்தை எள்ளி நகையாடி ஒரு நூல் எழுதினார். சுமார் எழுபது ஆண்டுகளுக்குப் பின், 248ஐ ஒட்டி, ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எட்டுப் பகுதிகளாக அதற்கு மறுமொழி எழுதினார். பொய்ச்சாட்சிகளுக்கு முன் இயேசு மவுனமாக இருந்தார் என்று தொடங்கும் அவர், விசுவாசத்தில் பலவீனமாக இருப்பவர்களுக்காகவே இதை எழுதுவதாகச் சொல்கிறார். எதிராளியின் சொற்களை அவர் அவ்வளவு நேர்மையாக எடுத்தெழுதியதால்தான், தொலைந்துபோன செல்சுஸின் நூலில் பெரும்பகுதி இன்று நமக்குத் தெரிகிறது.

நீங்களும் உங்கள் சந்தேகங்களை மழுப்பாமல் ஒரு தாளில் எழுதி, உங்களைக் கடிந்துகொள்ளாத ஒரு போதகரிடம் கொண்டுபோங்கள். அதற்கு முன் மாற்கு சுவிசேஷத்தை இடையில் நிறுத்தாமல் முழுவதும் வாசித்துவிடுங்கள்; இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.