பழைய எம்.ஜி.பி. காருக்குப் புதிய புஷ்: கடைசி இறுக்கம் தரையில்தான்

பெங்களூரு அல்சூரில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை ஆசையாக வைத்திருந்த 1970-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இப்போது அவரிடம் இருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்ற சத்தம் கேட்கிறதாம். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதாம். சஸ்பென்ஷன் புஷ்கள் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறைகள்) தேய்ந்துவிட்டன, எல்லாவற்றையும் பாலியூரித்தேன் என்ற கடினமான செயற்கைப் பொருளாக மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா என்பது அவருடைய கேள்வி.

கழற்றுவதற்கு முன், சத்தம் புஷ்ஷில் இருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில் இருக்கிறது, நிற்காவிட்டால் கிங்பின்னையும் (சக்கரம் திரும்பும் அச்சு), ட்ரன்னியனையும் (அந்த அச்சைச் சஸ்பென்ஷன் கையோடு சேர்க்கும் இணைப்பு) பார்க்க வேண்டும். கீழ் விஷ்போனின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) உட்புற முனையைச் சிறிய நெம்புகோலால் அசைத்துப் பார்க்கும்போது போல்ட் துளையின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, ரப்பர் காளான் குடைபோல வெளியே பிதுங்கி வெடித்திருந்தாலோ, புஷ்ஷின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். பிரேக்கில் இழுப்பதற்கு இறுகிப்போன காலிப்பரும் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) காரணமாக இருக்கலாம் என்பதால் அதையும் சேர்த்தே பாருங்கள்.

எதைப் போடுவது என்று கேட்டால், நம் ஊர்ச் சாலைகளுக்கு நான் ரப்பரையே சொல்வேன். பாலியூரித்தேன் நெடுநாள் உழைக்கும், வளைவுகளில் வண்டி துல்லியமாகத் திரும்பும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் குழியில் விழும் ஒவ்வொரு அடியையும் அது வண்டியின் உடலுக்குக் கடத்தும், அதற்குரிய கிரீஸ் வற்றினால் கிறீச்சிடவும் செய்யும். கீழ் விஷ்போனுக்கு நல்ல நடுவழி ஒன்று உண்டு. சாதாரண எம்.ஜி.பி.யில் இருபுறமும் இருந்து செருகும் வெறும் ரப்பர்த் துண்டுகள்தான் இருக்கும்; 1973 முதல் 1976 வரை வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 மாடலிலோ நடுவில் எஃகுக் குழாய் கொண்ட ஒற்றைத் துண்டு ரப்பர் புஷ் இருந்தது. அதே புஷ் உங்கள் வண்டியிலும் பொருந்தும். மொத்தம் நான்கு போதும். பெங்களூரின் வாகன உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் நைலான் கம்பியை லேத்தில் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், ஏனென்றால் நைலான் நெகிழாது. அதிர்ச்சி முழுவதும் போல்ட்டின் மேல் இறங்கும். பல ஆண்டுகளாகப் பெட்டியிலேயே கிடந்த ரப்பரும் வேண்டாம், அது ஓடாமலேயே முதுமை அடைந்துவிடும்.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்று உண்டு, அது அமுங்கிய நிலையில் இருக்கும் காயில் ஸ்பிரிங். வண்டியை ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்திவிட்டு, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டான ஸ்பிரிங் பேனுக்கு அடியில் ஜாக்கை முட்டுக் கொடுத்து, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் கட்டிய பிறகே மேல் ட்ரன்னியன் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதன்பின் ஜாக்கைச் சிறிது சிறிதாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து வெளியே வரும். காலிப்பரை முன்கூட்டியே கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸ் அதன் எடையைத் தாங்கக் கூடாது. மேல் ட்ரன்னியனின் ரப்பர் புஷ்களையும் இதே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது.

புதிய புஷ்ஷைப் பெரிய வைஸில் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, இருபுறமும் சமமாக நீட்டிக்கொண்டு நிற்கும்படி அழுத்துங்கள். எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். இத்தகைய புஷ்ஷில் நட்டை இறுக்கியதும் நடுக்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடுகிறது; அதன்பின் விஷ்போன் மேலும் கீழும் ஆடுவது ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான், வழுக்குவதால் அல்ல. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், அந்தத் தொங்கும் கோணமே ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டி தரையில் இறங்கியதும், ஷெட்டில் சும்மா நிற்கும் நேரத்தில்கூட, ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். அப்படி இறுக்கிய ஒரு வண்டியின் புஷ்கள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கழற்றிக் கையில் வாங்கிப் பார்த்தேன்: மேற்புறம் புத்தம் புதிதாகப் பளபளத்தது, குழாயை ஒட்டிய இடத்தில் மட்டும் சுற்றிலும் பிறைபோலக் கிழிந்திருந்தது. பட்டறையில் ஒருவர் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் அந்தப் புஷ்கள் பிழைத்திருக்கும்.

ஆகவே நட்டுகளை முதலில் கையளவுக்கு மட்டும் முடுக்கி, சக்கரங்களை மாட்டி, வண்டியைக் கனமான பலகைகளின் மேல் இறக்குங்கள். முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, ஓரடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். டயர்கள் இயல்பான இடத்தில் அமர்ந்த பிறகே இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுதியாக இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் புதிய ஸ்பிலிட் பின்களைப் போடுங்கள். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண்ணில் (முன்முனை வளையத்தில்) உள்ள புஷ்ஷை மாற்றினாலும் இதே முறைதான்.

இதெல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1/16 முதல் 3/32 அங்குலம் வரை இருக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் எழுதியே கொடுங்கள், ஏனென்றால் அவருடைய கணினியில் இந்த வண்டியின் கணக்கு இருக்க வாய்ப்பு குறைவு.