குடுத்த ஹதியா (அன்பளிப்பு) காச திருப்பிக் கேக்கலாமா? தாராவி மக்களோட கேள்வி பதில்

கேள்விங்க நிறைய சேர்ந்துபோச்சு, எல்லாமே காசு விஷயம்தான். தாராவில நம்மாளுங்க ஷாஃபியும் இருக்காங்க ஹனஃபியும் இருக்காங்க, ரெண்டும் மார்க்கச் சட்டத்துல தனித்தனி மத்ஹப் (சட்ட வழி), வித்தியாசம் வர்ற எடத்துல ரெண்டையும் சொல்லிடுறேன்.

கேள்வி: ஹஜ்ரத், என் தம்பி 90 ஃபீட் ரோட்ல பேக் கடை போட்டப்போ ஹதியான்னு சொல்லியே 50,000 ரூபா குடுத்தேன். இப்போ பேச்சுவார்த்தையே இல்ல, என் மக நிக்காஹ்வுக்குக்கூட அவன் வரல. காச கேக்கலாமா?

பதில்: வயித்தெரிச்சல் புரியுது பாய், ஆனா கேக்க முடியாது. ஹதியான்னு சொல்லி அவர் கையில வாங்கியாச்சுன்னா அது அவர் காசு. குடுத்தத திரும்ப வாங்குறவன் வாந்தி எடுத்துட்டு அதையே திங்குற நாய் மாதிரின்னு ரசூல் (ஸல்) சொன்னத இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறாங்க, புகாரி, முஸ்லிம்னு ரெண்டு ஹதீஸ் தொகுப்புலயும் இருக்கு, இதுக்கு மேல கடுமையா என்ன சொல்லணும். ஷாஃபில பெத்தவங்களோ தாத்தா பாட்டியோ புள்ளைக்கு, பேரப்புள்ளைக்கு குடுத்தத தவிர வேற எதையும் திரும்ப வாங்க வழியில்ல. ஹனஃபில வெளியாளுக்கு குடுத்ததுன்னா அவர் சம்மதிச்சோ காஜி (மார்க்க நீதிபதி) தீர்ப்பாலயோ வாங்கலாம், அதுவும் மக்ரூஹ்தான் (வெறுக்கப்பட்டதுதான்), கூடப்பொறந்தவர்னா அந்த கதவும் மூடிருச்சு. நிக்காஹ்வுக்கு வராதது வேற வழக்கு, அத காசோட சேக்காதீங்க.

கேள்வி: மச்சானுக்கு 20,000 தர்றேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், இன்னும் ஜிபே பண்ணல. இப்போ கை டைட்டு.

பதில்: அவர் கைக்கு போகாத வரைக்கும் ஹிபா (அன்பளிப்பு) முழுசாகல தம்பி, நிறுத்திக்கலாம். மாலிக்கி மத்ஹப்ல மட்டும் சொன்னாலே கட்டுப்படுத்தும். ஆனா சபையில சொல்லிட்டு கைவிரிச்சா நல்லாவா இருக்கு, முடிஞ்சத அனுப்புங்க.

கேள்வி: வாப்பா அண்ணனுக்கு மட்டும் ரூம் டெபாசிட்டுக்கு 3 லட்சம் குடுத்தாங்க, எங்க ரெண்டு தங்கச்சிங்களுக்கும் ஒண்ணுமில்ல. அத வாப்பா திருப்பி வாங்கலாமா ஹஜ்ரத்?

பதில்: உங்க கேள்விக்குன்னே ஒரு சம்பவம் இருக்கும்மா. நுஃமான் இப்னு பஷீருக்கு (ரலி) அவங்க வாப்பா ஒரு அடிமைய குடுத்துட்டு ரசூல் (ஸல்) கிட்ட வந்தாங்க, எல்லா புள்ளைங்களுக்கும் இதே மாதிரி குடுத்தீங்களான்னு ரசூல் (ஸல்) கேட்டாங்க, இல்லன்னதும் அப்போ திருப்பி வாங்கிக்கங்கன்னுட்டாங்க. அதனால ஷாஃபில வாப்பா கேக்கலாம், பணம் அண்ணன் கையிலயே இருந்தாத்தான், செலவாயிருந்தா முடியாது. ஹனஃபில கைமாறிட்டா வாப்பாவும் கேக்க முடியாது. வாங்க வழியில்லன்னா உங்களுக்கும் அதே அளவு குடுத்து சமன் பண்ண சொல்லுங்க, சண்டையில்லாத வழி அதான்.

கேள்வி: நிச்சயம் முடிஞ்சு கல்யாணம் நின்னுபோச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மஹர்ல (பொண்ணுக்கு மாப்பிள்ளை தர வேண்டியது) பாதிய முன்னாடியே குடுத்திருந்தாங்க, நாங்க 2 லட்சம் கைக்கூலி (வரதட்சணை) குடுத்திருந்தோம்.

பதில்: மஹர் நிக்காஹ்வாலதான் கடமையாகுது, நிக்காஹ்வே நடக்கல, அப்போ முழுசா திருப்பி குடுத்துடணும். கைக்கூலிய அவங்க கண்டிப்பா திருப்பணும், அது மொதல்லயே வாங்கக்கூடாத காசு, அத அன்பளிப்புன்னு யாராவது வாதம் பண்ணா நம்பாதீங்க. வாங்கின ஸ்வீட்டு பழமெல்லாம் கணக்கு பாக்காதீங்க.

கேள்வி: ஊர்ல மொய் நோட்டுல எழுதின காச திருப்பி வைக்கலன்னா குத்தமா?

பதில்: ஊர் வழக்கத்த பாத்துதான். திருப்பி வைக்கணும்னு எல்லாருமே எதிர்பாத்து நோட்டுல எழுதுற ஊர்ல அது கடன் மாதிரி, வைக்காம விடாதீங்க. சும்மா கவர்ல போட்டு மாப்பிள்ளை கையில திணிச்சது ஹதியா. நோட்டு எழுதறதையே நிறுத்தினா நல்லதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம், ஊருக்குப் போய் சொன்னா அடிக்க வருவாங்க.

கேள்வி: நான் கம்பெனில பர்சேஸ்ல இருக்கேன், சப்ளையர் ஒருத்தர் தீபாவளிக்கு கவர் குடுத்தார். வேணாம்னா சுன்னத்துக்கு (நபிவழிக்கு) மாத்தமா?

பதில்: ஜகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு கெடச்ச ஹதியான்னு சொன்னதும், அவர் வாப்பா வீட்லயே உக்காந்திருந்தா இது வந்திருக்குமான்னு ரசூல் (ஸல்) கேட்டாங்க. நீங்களும் அதே கேள்விய கேட்டு பாருங்க, பர்சேஸ்ல இல்லன்னா கவர் வருமா? திருப்பி குடுங்க, காரணத்த மொகத்துக்கு நேரா பதமா சொல்லுங்க. இஹ்ராம்ல (ஹஜ், உம்ராவுக்கான கட்டுப்பாட்டு நிலையில) இருந்ததால வேட்டை பொருள ரசூல் (ஸல்) திருப்பினப்போகூட, குடுத்தவர் மொகம் வாடறத பாத்து காரணத்த சொல்லித்தான் அனுப்பினாங்க.

கேள்வி: தெரியாத நம்பர்லருந்து 1,500 ரூபா ஜிபேல வந்துச்சு, அல்லாஹ் குடுத்த ஹதியான்னு வச்சுக்கலாமா?

பதில்: இல்ல தம்பி, அனுப்பினவர் தப்பா அழுத்திட்டார், அவ்ளோதான். நேரா திருப்பி அனுப்பாம பேங்க் மூலமா பண்ணுங்க, இதுல ஃப்ராடும் நடக்குது.