பக்கவாட்டில் அலை அடித்தால் வேகத்தைக் கூட்டலாமா?

கேள்வி: என்னுடையது 15 அடி ஃபைபர் படகு, பின்னால் மாட்டிய அவுட்போர்டு மோட்டார். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் மீன் பிடித்துவிட்டு நண்பருடன் சாங்கிக்குத் திரும்பும்போது ஒரு பெரிய படகு வேகமாகக் கடந்தது. அது கிளப்பிய அலை பக்கவாட்டில் அடித்து, தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. பதற்றத்தில் வேகத்தைக் கூட்டினேன். சரிதானா?

பதில்: இல்லை. அலையைப் பார்த்ததும் வேகத்தைக் குறையுங்கள், ஆனால் மோட்டாரை அணைக்காதீர்கள். ஓட்டம் நின்ற படகு சொன்ன பேச்சு கேட்காது, தானாகவே அலைக்குப் பக்கம் காட்டி நிற்கும். மூக்கை அலைப் பக்கம் திருப்பி, 30 முதல் 45 பாகை சாய்வாக ஏறுங்கள். நேராக ஏறினால் மூக்கு தூக்கிப் பொத்தென்று விழும். முதல் அலை போனதும் திரும்பிவிடாதீர்கள், பின்னாலேயே மூன்று நான்கு வரும்.

உங்கள் ஐஸ் பெட்டி எங்கே இருந்தது? என் படகில் ஒருமுறை கட்டாமல் வைத்த பெட்டி, ஐஸும் மீனுமாக, ஒரே ஆட்டத்தில் மறுபக்கம் வழுக்கிப் போனது. அந்தப் பக்க விளிம்புக்கும் தண்ணீருக்கும் இரண்டு விரற்கடைதான் இருந்தது. அன்றிலிருந்து பெட்டியை நடுவில் வைத்துக் கட்டிவிடுவேன். ஆட்களும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். மோட்டாரின் சிவப்புச் சுருள் கயிறு உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும், நீங்கள் விழுந்தால் மோட்டார் நின்றுவிடும்.

அலை பின்னாலிருந்து வந்தால், முன்னால் போகும் அலையின் முதுகிலேயே வாருங்கள். அதைத் தாண்டி இறங்கினால் மூக்கு தண்ணீரில் குத்தி, படகு சுழன்று கவிழும்.

மோட்டார் நின்றுபோனால் நங்கூரத்தை மூக்கிலிருந்து போடுங்கள். பின்பக்கம் ஏற்கனவே மோட்டார் பாரத்தில் தாழ்ந்திருக்கும், அங்கே கட்டினால் அலை நேராக உள்ளே ஏறும். ஆழம் 10 மீட்டர் என்றால் கயிறு 50 முதல் 70 மீட்டர் விட வேண்டும்.

அப்புறம் சுமத்ரா சூறைக்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் மேற்கிலிருந்து வரும். மாலையிலும் வரலாம்: 2024 செப்டம்பர் 17 மாலை சிங்கப்பூரின் மேற்கே உள்ள தெங்காவில் மணிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. கிளம்புமுன் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். மேற்கு வானம் கறுத்தால் தூண்டிலைச் சுருட்டிக் கரைக்கு வந்துவிடுங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். சில்லென்ற காற்று முகத்தில் பட்ட பிறகு லைஃப் ஜாக்கெட்டைத் தேட நேரமிருக்காது. அதைக் கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள், நண்பருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.