1.11 கெல்வினில் சிதையுமா சுண்ணாம்புக்கல்?

வணக்கம் ஐயா,

சுண்ணாம்புக்கல்லான கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கிக் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் பெறும் வினைக்கு என்தால்பி (உறிஞ்சும் வெப்பம்) மாற்றம் 178.3, என்ட்ரோபி (ஒழுங்கின்மை) மாற்றம் 160.5 என்கிறது அட்டவணை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வினை தன்னிச்சையாகும் வெப்பநிலை கிடைக்குமாம். எனக்கு 1.11 கெல்வின் வருகிறது. எங்கே தவறினேன்? சரியான விடை கிடைத்தாலும், அதற்குக் கீழே இந்த வினை நடக்கவே நடக்காதா?

வேதியியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

தவறு அலகில். மோலுக்கு 178.3 என்பது கிலோஜூல்; 160.5 என்பது கெல்வினுக்கு ஜூல். 178300ஐ 160.5ஆல் வகுத்தால் 1111 கெல்வின், அதாவது 838 டிகிரி செல்சியஸ். அந்த 160.5இல் பெரும்பங்கு வாயுவுடையது: கார்பன் டை ஆக்சைடின் திட்ட என்ட்ரோபி 213.7, திண்மங்களான கார்பனேட்டுக்கு 92.9, ஆக்சைடுக்குச் சுமார் 40தான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் ஆழமானது. 838 டிகிரி என்பது கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 1 பார் இருக்கும் நிலைக்கு மட்டும் உரிய கணக்கு. ‘திட்ட’ என்ற சொல்லுக்குள் இந்த நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. 1000 கெல்வினை எடுத்துக்கொள்ளுங்கள். 160.5 ஜூலை 1000ஆல் பெருக்கினால் 160.5 கிலோஜூல்; 178.3இலிருந்து அது போக, வினை தானாக நடக்குமா என்று காட்டும் திட்ட கட்டிலா ஆற்றல் மாற்றம் +17.8 கிலோஜூல். நேர்க்குறி வந்துவிட்டதால் வினை நடக்காது என்று முடிவு கட்டக்கூடாது. 17800ஐ வாயு மாறிலி 8.314, வெப்பநிலை 1000 இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் 2.14, சமநிலை அழுத்தத்தின் இயல் மடக்கை −2.14, அழுத்தம் சுமார் 0.12 பார். மூடிய கலத்தில் வாயு அந்த அளவை எட்டியதும் சிதைவு மேலே நகராது. வாயுவைக் காற்றோட்டம் அடித்துச் சென்றுகொண்டே இருந்தால், அதே 1000 கெல்வினில் கல் முழுவதும் சிதையும். காளவாயில் காற்றோட்டம் தடைப்பட்டால் கல்லின் நடுப்பகுதி வேகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெந்த மேல்தோல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாதது இன்னொன்று.

சாதாரணக் காற்றில் இந்த வாயுவின் பகுதி அழுத்தம் ஏறத்தாழ 0.0004 பார். அதை வைத்துக் கணக்கிட்டால் எல்லை 790 கெல்வினுக்கு, சுமார் 517 டிகிரி செல்சியஸுக்கு, இறங்கிவிடுகிறது. ஆனால் அங்கே வினை மிக மெதுவாகத்தான் நடக்கும். வேகத்தைப் பற்றிக் கட்டிலா ஆற்றல் ஒன்றும் சொல்லாது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 பார் அழுத்தத்தில் அளந்து பார்த்தால் 838 அல்ல, 900 டிகிரியை ஒட்டித்தான் வரும். 298 கெல்வின் மதிப்புகள் அதுவரை மாறாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டதன் விளைவு இது. வெப்பநிலை ஏற ஏற இரண்டுமே குறைகின்றன; விகிதத்தில் என்ட்ரோபி கூடுதலாகக் குறைவதால் எல்லை மேலே போகிறது. மேலே கண்ட 0.12 பாரும் இதே காரணத்தால் உண்மையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. துல்லியம் வேண்டுமென்றால் மூன்று பொருள்களின் வெப்ப ஏற்புத்திறன்களையும் கணக்கில் சேர்த்து, இரண்டு மாற்றங்களையும் 1150 கெல்வின் அளவில் திருத்தி எழுதிக்கொண்டு, பிறகு வகுங்கள்.