கல்லாய்க் காய்ந்த மோர், மண்ணுக்குள் வெந்த கறி

(இந்த வாரம் ஜோர்தான் நாட்டுப் பாலைவனத்தில் மந்தை மேய்த்துக் கூடாரத்தில் வாழ்ந்து வந்த பெதூயின் மக்களின் சமையலும் வாழ்க்கையும் பற்றிய கேள்விகள்.)

கேள்வி: ஜோர்தானில் வேலை பார்க்கும் மகன் 'ஜமீத்' என்று ஒரு வெள்ளை உருண்டை கொண்டுவந்தான். கத்தி இறங்கவில்லை. இதை எப்படிச் சமைப்பது?

பதில்: கத்தியை விட்டுவிட்டு அம்மிக் குழவியை எடுங்கள். இது மோர்தான். ஆட்டுப்பாலைத் தோய்த்து, தோல் பையில் ஊற்றி, ஆட்டி ஆட்டி வெண்ணெய் எடுத்துவிடுவார்கள். மிஞ்சிய மோரைச் சூடாக்கி, துணியில் வடித்து, உப்புப் போட்டுப் பிசைந்து உருட்டிக் காயவைப்பார்கள். மந்தை பால் கொடுப்பது சில மாதங்களுக்குத்தான். சாப்பாடு வருஷம் முழுக்க வேண்டுமே. நிழலில் காய்ந்த உருண்டை வெள்ளையாக இருக்கும், வெயிலில் காய்ந்தது மஞ்சளடிக்கும். இரண்டையும் சமைக்கலாம். உடைக்கும்போது நடுவில் ஈரமோ பூஞ்சையோ தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கரக் ஊர் ஜமீத் என்றால் அங்கே தனி மவுசு.

துணியில் சுற்றி உடைத்து, அரை கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் ஊறின தண்ணீரோடு மிக்சியில் அடித்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் புளிப்பில் பாதி போய்விடும்.

எலும்போடு ஒன்றரை கிலோ ஆட்டுக்கறியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, தனியாகக் கொதிக்கவிட்டு நுரையை எடுங்கள். ஏலக்காயும் ஒரு வெங்காயமும் போட்டு முக்கால் மணி நேரம் வேகட்டும். இன்னொரு பாத்திரத்தில் ஜமீத் கரைசலைச் சூடாக்குங்கள். கொதி வரும்வரை கை நிற்கக்கூடாது. பிறகு கறியையும், வெந்த தண்ணீரில் இரண்டு டம்ளரையும் சேர்த்து, மூடாமல் சிறுதீயில் கறி எலும்பை விட்டு விலகும்வரை வையுங்கள். குழம்பு திரிந்தால், கிண்டுவதை நடுவில் நிறுத்தியிருப்பீர்கள் அல்லது அவசரப்பட்டுத் தீயைக் கூட்டியிருப்பீர்கள். ஒரே பக்கமாகத்தான் கிண்ட வேண்டும் என்று சொல்வார்கள். பக்கம் எதுவானாலும் சரி, அடி பிடிக்காமல் கரைசல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். பெரும்பாலும் தேவையே இருக்காது.

தாம்பாளத்தில் ஷ்ராக் ரொட்டி, அதன்மேல் சோறு, கறி, நெய்யில் வறுத்த பாதாம், கடைசியில் குழம்பு. இதுதான் மன்ஸஃப். 2022-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. ஷ்ராக் கிடைக்காவிட்டால் ரூமாலி ரொட்டி போடுங்கள். அதுவும் கவிழ்த்த இரும்புச் சட்டியில் சுடுகிற மெல்லிய ரொட்டிதான். குப்பூஸ் வேண்டாம், தடிமன்.

கேள்வி: வாதி ரம் பாலைவனத்தில் மணலைத் தோண்டிக் கறியை எடுத்துப் பரிமாறினார்கள். ஒரு மணல்கூட வாயில் அகப்படவில்லையே?

பதில்: அதன் பெயர் ஸர்ப். கறி மணலைத் தொடுவதே இல்லை. மணலுக்குள் ஓர் இரும்புப் பீப்பாயைப் புதைத்திருப்பார்கள். அதில் விறகை எரித்து, தணல் மட்டும் மிஞ்சியதும் அடுக்குத் தட்டை இறக்குவார்கள். கோழி, ஆட்டுக்கறியோடு உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் முழுசு முழுசாக இருக்கும். மேலே மூடி, மூடிமேல் கம்பளி, அதன்மேல் மணல்.

பக்குவமே மூடுவதில்தான் இருக்கிறது. சுவாலை அடங்கும் முன் இறக்கினால் புகைக் கசப்பு ஏறும். மூடியபின் எங்காவது ஆவி கசிந்தால் அந்த இடத்தில் உடனே இன்னும் மணல் போட வேண்டும். ஆவி வெளியே வருகிற வழியில் காற்று உள்ளே போகும், தணல் மறுபடி பற்றிக்கொள்ளும், அடித்தட்டு கருகும். இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். வெந்துவிட்டதா என்று நடுவில் திறந்து பார்த்தால் சூடு போய்விடும், மறுபடி பிடிக்காது. திறக்கும்போது மணலை ஓரத்துக்குத் துடைத்துவிட்டு, கம்பளியைச் சுருட்டி எடுத்துவிட்டுத்தான் மூடியைத் தூக்குவார்கள். மணல் ஒட்டாத ரகசியம் அவ்வளவுதான்.

கேள்வி: ஆட்டுமயிர்க் கூடாரம் மழையில் ஒழுகாதா?

பதில்: முதலில் கொஞ்சம் சொட்டும். நனைந்ததும் மயிர் உப்பி நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் கண் திறந்து காற்று வரும். கறுப்பு நிறம் உள்ளே நல்ல நிழல் தரும்.

கேள்வி: காப்பியைக் கோப்பையில் கொஞ்சமாகத்தான் ஊற்றினார்கள். ஆனால் குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். எப்படிப் போதும் என்பது?

பதில்: கோப்பையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். சும்மா நீட்டினால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். வாங்குவதும் கொடுப்பதும் வலது கையால். குறைவாக ஊற்றியதைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால்தான் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள்.