பேரிகேட் வரை போய் நுழைவது அநாகரிகமா?

சென்னை ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலைக்காக நடுவில் பேரிகேட் போட்டு வலது லேன் முடிகிற இடத்தில், கடைசி வரை போய் இடப்பக்கம் நுழைந்தால் திட்டுகிறார்களே, தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தால் தப்பே இல்லை, அதுதான் சரி.

எல்லோரும் முன்கூட்டியே இடது லேனில் ஒண்டிக்கொண்டால் வலது லேன் சும்மா கிடக்கும். வரிசை இரண்டு மடங்கு நீண்டு, பின்னால் இருக்கிற சிக்னலையே அடைத்துவிடும். இரண்டையும் நிரப்பி வந்து, பேரிகேட் அருகே ஜிப் மாதிரி இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று. ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது. ‘நம்ம ஊரில் எவன் விடுவான்’ என்பவர்கள், நுழையும் விதத்தையும் கவனிக்க வேண்டும். நின்றுவிட்டு நுழையப் பார்த்தால், முதல் கியரில் கிளம்புவதற்குள் கேப் மூடிவிடும். இண்டிகேட்டரை முன்பே போட்டு, பக்கத்து லேனின் வேகத்துக்கே உருட்டிக்கொண்டு வாருங்கள். இடது பின்கதவை ஒட்டி வரும் பைக் கண்ணாடியில் விழாது. தலையை ஒருமுறை திருப்பித்தான் ஆக வேண்டும்.

எதிராளி லைட் அடித்தால் ‘வா’ என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் பெரும்பாலும் அதற்கு ‘நான் வரேன், நில்லு’ என்றுதான் அர்த்தம். அவர் முன்சக்கரத்தைப் பாருங்கள். அது தயங்கினால் வழி விடுகிறார், நுழையலாம். வழி விடுகிறவரும் ஒரு வண்டியை விட்டால் போதும். இரக்கப்பட்டு நாலு வண்டியை விட்டால் பின்னால் இருப்பவர்கள் பொறுமையிழந்து ஓரத்தில் ஏறுவார்கள்.

வேகமாக ஓடுகிற ரோட்டில் இது பொருந்தாது. அங்கே கேப் கிடைத்ததும் முன்பே மாறிவிட வேண்டும். நாற்பதில் போனால் நொடிக்கு 11 மீட்டர். இண்டிகேட்டருக்கு மூன்று நொடியாவது கொடுங்கள். சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது ஜிப் உரிமை கிடையாது, மெயின் ரோட்டுக்காரருக்குத்தான் முன்னுரிமை. கத்திப்பாரா மேம்பாலத்தில் லூப்பில் (வட்டமாகச் சுற்றிப் பிரியும் கிளைப்பாதை) திரும்ப இடது ஓரம் காத்திருக்கும் வரிசையின் நுனியில் மூக்கை நுழைப்பதும் ஜிப் ஆகாது. அங்கே எந்த லேனும் முடியவில்லை, அது சுத்தமாக வரிசை தாண்டுவது. ஒரு லூப்பில் வந்து சேர்கிறவரும் அடுத்த லூப்பில் பிரிகிறவரும் ஒரே சின்ன இடத்தில் மாறிக்கொள்ள வேண்டியிருக்க, நுழைய நிற்கிற ஒரு கார் நேராகப் போகிற லேனையும் சேர்த்து நிறுத்திவிடும்.

கேள்விக்கு வெளியே ஒன்று, ஆனால் வயிறெரிகிறது. ‘லேன் முடிகிறது’ பலகையைப் பேரிகேட் மேலேயே கட்டித் தொங்கவிடுகிறார்கள். பலகை கண்ணில் படும்போது பிரேக்கை மிதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நூறு மீட்டர் முன்னால் ஒன்று வைத்து, மழைச் சேறு அப்பிய ரிஃப்ளெக்டரை வாரம் ஒருமுறை துடைக்க ஒரு ஆள் போதுமே!